சேணத் தேய்மானம்

டெல்மர் ஸ்கோகன் ஒரு பழைய துப்பாக்கியை மதிப்பிடத் தொடங்கும்போது அதை முதலில் முகர்ந்து பார்ப்பார். லீவரைக் கீழே தள்ளித் தோட்டா அறை காலியாக இருப்பதை இருமுறை உறுதி செய்துகொள்வார். பிறகு மூக்கை இரும்பின் அருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். கடையில் குப்பியில் விற்கும், துப்பாக்கிக்குப் புது நீலநிறம் தரும் திரவத்தை இரும்பின்மேல் தடவியிருந்தால் அழுகிய முள்ளங்கி நாற்றம் மாதக்கணக்கில் போகாது. அது மூக்கில் பட்டதும் டெல்மர் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். அதன் பிறகு உரிமையாளர் எத்தனை தலைமுறைக் கதை சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

"யாரோ இதைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டிருக்கான்," என்பார். "பொணத்துக்குத்தான் அப்படிப் பண்ணுவாங்க."

லூயிஸ்டவுன் சந்தை மைதானக் கூடத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் இரண்டு நாள் நடக்கும் பழந்துப்பாக்கிக் கண்காட்சியில், இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்வதைப் படிவத்தில் எழுதுவது என் வேலை. மாவட்ட நிலப்பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

டெல்மர் செம்மறியாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதில் ரயில்வேயில் சேர்ந்து, சிறு சுத்தியலால் பெட்டிச் சக்கரங்களைத் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தார். 1980-இல் எங்கள் ஊர் வழியாகச் சென்ற பாதையை மூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் வேலையின்றித் திரிந்தபின் தானியக் கிடங்கில் எடைமேடை அவரிடம் வந்தது. இருபத்தேழு ஆண்டுகள் அதில் நின்றார். கோதுமை ஏற்றிவந்த எந்த விவசாயியும் ஸ்கோகன் சொன்ன எடையை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பிற்காலத்தில் துப்பாக்கி விஷயத்திலும் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது.

அவருக்குப் பிடித்தவை சில, அருவருப்பானவை ஏராளம். சாணைச் சக்கரத்தில் மெருகேற்றி, விளிம்புகள் கரைந்த சோப்புக் கட்டிபோல் ஆகிவிட்ட இரும்பைக் கண்டால் உதட்டைச் சுழிப்பார். திருகாணித் துளைகளைச் சுற்றி இரும்பு சாசரைப்போலக் குழிந்திருந்தால் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவார். தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியில் மரக்கட்டை இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். தேய்த்துப் புதுப்பித்தவனுடையதில் அது தாழ்ந்துவிடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டு மேசைக்கு வார்னிஷ் அடிக்கிற பய வேலை" என்பார். சக்கரங்களைத் தட்டிய காதும் எடைமுள்ளைப் பார்த்த கண்ணும் ஒருவரிடமே அமைந்தால் அவருக்கு உலகில் நிம்மதி இருக்காது என்பதை நான் அந்த நாற்காலியிலிருந்து அறிந்துகொண்டேன்.

கண்காட்சியை நடத்தும் எங்கள் சங்கத்தில் இரண்டு சீட்டுகள் உண்டு. எவர் கையும் திருத்தாத துப்பாக்கிக்கு வெள்ளைச் சீட்டு; புதுப்பித்ததற்கு மஞ்சள். புதுப்பிப்பது குற்றமன்று. ஆனால் புதுப்பித்தவன், முன்கட்டையைக் கழற்றினால் மட்டுமே தெரியும்படி, குழலின் அடியில், 'ரெஸ்டோர்டு', அதாவது புதுப்பித்தது, என்பதன் முதலெழுத்தான 'ஆர்' முத்திரையைக் குத்த வேண்டும். பின்னால் வாங்குகிறவன் ஏமாறாதிருக்க அந்த ஏற்பாடு. விதியைக் கொண்டுவந்து, மூன்று கூட்டங்களில் தொண்டை வறளப் பேசி நிறைவேற்றியவர் டெல்மர்தான். வெள்ளைச் சீட்டில் அவர் கையெழுத்து இருந்தால் மூன்று மாவட்டங்களில் எவரும் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை.

2019 மார்ச் கண்காட்சியின் முதல் நாள், காலை பத்து மணி இருக்கும். பூப்போட்ட ஃபிளானல் விரிப்பில் சுற்றிய நீண்ட பொட்டலத்தை இரு கைகளிலும் ஏந்தியபடி லவோன் ஹெட்லண்ட் எங்கள் மேசைக்கு வந்தாள். வின்னெட் பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவள். வயது அறுபதை நெருங்கும். அவள் தந்தை எமில் ரஸ்டாட் அந்த ஜனவரியில் இறந்திருந்தார்.

"மியூசியத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி காலியா இருக்காம்," என்றாள். "ஓநாய் வேட்டைக்காரங்களோட துப்பாக்கி வேணுமாம். இதை வெச்சுக் கீழே 'எமில் ரஸ்டாட் குடும்பம்'னு பித்தளைத் தகடு போடறோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா உங்க வெள்ளைச் சீட்டு இருந்தாத்தானாம். அப்பா உங்ககிட்டக் காட்டவே மாட்டேன்னுட்டார், மிஸ்டர் ஸ்கோகன். 'அந்த ஆளு என் துப்பாக்கியை நாய் மாதிரி மோந்து பார்ப்பான்'னு சொல்வார்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்," என்றார் டெல்மர். "அப்பா போனதுக்கு வருத்தம். கொண்டாங்க."

அவள் விரிப்பைப் பிரித்தாள். 1896-இல் செய்யப்பட்ட லீவர் வேட்டைத் துப்பாக்கி. எட்டுப் பட்டைக் குழல். கரிய வால்நட் மரக்கட்டை. பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். இரும்பு, குளிர்காலப் புளூபெர்ரியின் நிறத்தில் மங்கி, மேடான இடங்களில் மட்டும் சாம்பலாக வெளுத்திருந்தது. எதுவும் பளபளக்கவில்லை, அதுவே அதன் அழகு.

சங்கத் தலைவர் மெர்ல் டன்பாரும் வந்துவிட்டார். மெர்ல் ஐம்பது ஆண்டுகளாகப் பழந்துப்பாக்கி வியாபாரி. கழுத்தில் நீலக்கல் பதித்த கயிற்று டை. கைகளில் எப்போதும் வாசனைக் களிம்பு. அவர் தொட்ட காகிதத்தைத் தொட்டால் என் விரல்களும் மணக்கும்; உணவுக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது போகாது.

"லவோன், தங்கம்!" என்றார். "எமிலோட துப்பாக்கிதானே? நான்தான் எண்பத்துமூணுல அவருக்குக் கொடுத்தேன். சீட்டெல்லாம் சும்மா ஒரு சடங்கு. இல்லையா டெல்?"

டெல்மர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். லீவரை இருமுறை தள்ளிப் பார்த்தார். முகர்ந்தார். முகம் சுளிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் திருகாணிகளைப் பார்த்தார். தலைகளின் வெட்டுகள் கூராக இருந்தன. குழலின்மேல் அச்சிட்ட எழுத்துகளின் ஓரத்தில், அச்சு அழுந்தியபோது பிதுங்கிய இரும்பின் மெல்லிய கரை அப்படியே நின்றது; சாணை பட்டிருந்தால் முதலில் போவது அதுதான். தோட்டா ஏறும் நடுப்பெட்டியின் விளிம்புகளில் காகிதம் அறுக்கலாம். டெல்மர் தம்மையறியாமல் மூக்கினால் ஏதோ மெட்டு முனகினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அதை நான் நான்கு முறைதான் கேட்டிருக்கிறேன்.

"எழுதுங்க, ஹாலிஸ்," என்றார் என்னிடம். "நீலம், மெதுவாத் துருவேத்தின பழைய முறை. விளிம்பு, நல்லது. எழுத்து, நல்லது."

பிறகு வலக்கைப் பருத்தி உறையைக் கழற்றிவிட்டு முன்கட்டையின் அடிப்பக்கத்தை வெறும் கட்டைவிரலால் தடவினார். துப்பாக்கியைச் சேணத்தின் முன்மேட்டில் குறுக்கே போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் குதிரை ஏறியவனுடைய ஆயுதத்தில் அந்த இடம் தேய்ந்து குழியும். சேணத் தேய்மானம் என்று நாங்கள் அதைச் சொல்வோம். சேகரிப்பவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். அது இருந்தால் துப்பாக்கிக்கு ஒரு வாழ்க்கை இருந்ததென்று பொருள். இதில் அது அழகாக இருந்தது: உள்ளங்கை அகலத்தில், ஆட்டுக்கொழுப்பு ஊறிய வழவழப்புடன்.

"ஜூடித் பள்ளத்தாக்குல ஓநாய் அடிச்சவன் சேணம்," என்றார் மெர்ல், கூட்டத்தைப் பார்த்து. "முப்பது வருஷக் குதிரைச் சவாரி."

டெல்மருடைய கட்டைவிரல் அந்தக் குழியில் ஒரு முறை முன்னும் பின்னும் போயிற்று. பிறகு ஓரிடத்தில் நின்றது. அங்கே நகக்கீறல்போலக் குறுக்கே ஒரு மெல்லிய பிறை வடிவப் பள்ளம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை; கண்கள் கூடத்தின் எதிர்ச்சுவரில் இருந்தன. முனகல் நின்றுவிட்டது. அழுகிய முள்ளங்கி நாற்றத்துக்குக்கூட அவர் முகம் அப்படிக் கோணியதை நான் கண்டதில்லை.

துப்பாக்கியை மெல்ல விரிப்பின்மேல் வைத்தார். கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தார். லவோன் அதைப் பார்த்தாள்; அவளுக்கு அதன் பொருள் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அம்மா, கொஞ்சம் காபி குடிச்சிட்டு வரேன். நீங்களும் சாப்பிடுங்க. அங்க சர்ச்சுப் பொம்பளைங்க சில்லிக் கறிக்குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் வெச்சிருக்காங்க. யாரையும் தொட விடாதீங்க."

காபிக் கடையைத் தாண்டி நேரே வெளியே போய்த் தம் டிரக்கில் ஏறிக்கொண்டார். நான் பின்னாலேயே போய் மறுபக்கம் ஏறினேன். முன்கண்ணாடியில் சேறு அப்பியிருந்தது. 

"அது நான் பண்ணினது, ஹாலிஸ்."

"எது?"

"அந்தத் தேய்மானம். ஓநாயுமில்ல, மயிருமில்ல. எங்க கொட்டகைல, எங்கப்பா சேணத்து மேல வெச்சுத் தேய்ச்சேன். எண்பத்தொண்ணு குளிர்காலம். ரயில்வே போயிடுச்சு, வீட்டுல ரெண்டு குழந்தைங்க. மெர்ல் அந்தத் துப்பாக்கியைத் துருப்பிடிச்ச கம்பியா ஒரு இடிஞ்ச குடிசைல இருந்து எடுத்துட்டு வந்தான். ரெண்டு மாசம் உட்கார்ந்து சரிபண்ணினேன். என் ஆயுசுல பண்ணின நல்ல வேலை அது ஒண்ணுதான். அவன் பார்த்துட்டு, 'ரொம்பப் புதுசா இருக்குடா, கொஞ்சம் வயசாக்கு'ன்னான். ஆக்கினேன். ஆட்டுக்கொழுப்பு, கொட்டகைப் புழுதி, ஆறு வாரம்."

"அந்தப் பிறை?"

"எங்கப்பா சேணத்தோட முன்மேடு ஒரு தடவை கிழிஞ்சுது. அதைப் பிடிச்சு நிறுத்தச் செம்பு ரிவெட் ஆணி அடிச்சார். அதோட தலையை அரத்தால பாதி ராவிட்டார், தொடைல குத்துதுன்னு. அந்தப் பாதித் தலைதான் அங்க பல்லு பதிச்சிருக்கு. என் கட்டைவிரலுக்கு அது தெரியும்."

குழலின் அடியில் 'ஆர்' குத்தவில்லையா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த விதி பிறந்ததே ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கலிபோர்னியாக்காரன் ஒருத்தனுக்கு வித்துட்டேன்னு சொன்னான்," என்றார் டெல்மர். "கலிபோர்னியாக்காரன்தானேன்னு நானும் விட்டுட்டேன். நல்லாத் தூங்கினேன். அசிங்கம்."

எங்கள் பக்கத்தில், வெளிமாநிலப் பணக்காரன்தானே என்ற அந்தச் சமாதானம் எதற்கும் போதும். கிணறு வற்றிய நிலம், நொண்டிக் குதிரை, எண்ணெய் குடிக்கும் டிரக் எதுவானாலும், வாங்கியவன் கலிபோர்னியாக்காரன் என்றால் விற்றவனைப் பாதிரியார்கூடக் கண்டிப்பதில்லை. நானும் ஒருமுறை, கூரை ஒழுகும் மீன்பிடிக் குடிலை அந்த வகையில் ஒரு பல் மருத்துவருக்கு விற்று, அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆகவே அந்த டிரக்கில் நீதிபதியாக உட்கார என்னால் முடியவில்லை.

கண்ணாடியில் விரல் தட்டிற்று. மெர்ல். டெல்மர் கண்ணாடியை இறக்க, களிம்பு மணம் உள்ளே வந்தது.

"என்னய்யா, குட்டி போட்ட பூனை மாதிரி இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்ட?"

"எமில் ரஸ்டாட் கலிபோர்னியாவுல எந்த ஊரு, மெர்ல்?"

மெர்ல் சிரித்தார். "அந்தக் கலிபோர்னியாக்காரன் கடைசி நேரத்துல பின்வாங்கிட்டான். எமில் கேட்டார், கொடுத்தேன். முப்பத்தாறு வருஷம் அந்த மனுஷன் சந்தோஷமா இருந்தார். அவர் செத்துட்டார். அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயி நிம்மதியாக் கிடக்கட்டும். யாருக்குடா நஷ்டம்?"

"என் கையெழுத்துக்கு."

"உன் கையெழுத்தா? யோசிச்சுப் பேசு. நீ வாயைத் திறந்தா, இருபது வருஷமா நீ கொடுத்த ஒவ்வொரு வெள்ளைச் சீட்டையும் எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பானுங்க. 'போலி பண்ணினவனே பரீட்சை வெச்சிருக்கான்'னு ஊரு சிரிக்கும். அந்தம்மாவுக்கு அப்பா பேருல ஒரு பித்தளைத் தகடு வேணும், அவ்வளவுதான். போடு, போ."

"உன் கையை எடு," என்றார் டெல்மர். மெர்லின் விரல்கள் டிரக்கின் கதவுமேல் இருந்தன. "கதவு நாறுது."

கண்ணாடியை ஏற்றிவிட்டார். மெர்ல் சொன்னதில் பொய் ஏதுமில்லை. கையெழுத்திட்டால் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இடாவிட்டால் அவருடைய பெயர் போகும்; எமில் ரஸ்டாட்டின் பெயர் தகட்டில் ஏறாது.

பத்து நிமிடத்தில் டெல்மர் கூடத்துக்குத் திரும்பினார். லவோன் ரொட்டியைப் பாதி தின்றுவிட்டுக் காத்திருந்தாள்.

"உங்க நேரத்துல ஒரு மணி வேணும், அம்மா. என் கொட்டகை நாலு மைல். துப்பாக்கியை எடுத்துக்கிட்டு என் பின்னாடியே வாங்க."

"ஏதாவது கோளாறா?"

"ஆமா. துப்பாக்கில இல்ல."

கொட்டகையில் ஆடுகள் இல்லாமல் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தும் அவற்றின் வாடை மரத்தில் ஊறிக் கிடந்தது. மூலையில் மரத்தாங்கியின்மேல், சாக்குத் துணியால் மூடிய சேணம். டெல்மர் சாக்கை உருவினார். தோல் வெடித்து, எலி கடித்து, முன்மேட்டின் இடப்பக்கத்தில் பச்சை படிந்த செம்பு ரிவெட்டுடன் இருந்தது. பாதித் தலை. அவர் லவோனின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, முன்மேட்டின்மேல் குறுக்கே வைத்து, முன்னே இரண்டு விரற்கடை நகர்த்தினார். சிறு ஓசையுடன் பிறைப் பள்ளத்தில் ரிவெட் உட்கார்ந்தது. பிறகு துப்பாக்கி அசையவில்லை. சாவி பூட்டில் நிற்பதுபோல நின்றது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மெர்ல் கேட்டதை, தாம் செய்ததை, குழலின் அடியில் முத்திரை குத்தாததை, கலிபோர்னியாக்காரனை. ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. படிவத்தில் எழுத எடுத்துச் சொல்லும் அதே குரல்.

லவோன் குனிந்து ரிவெட்டைப் பார்த்தாள்.

"ஆறு வாரம் தேய்ச்சீங்களா?"

"ஆமா."

"எங்கப்பா இதை வெச்சு ஒரு மானைக்கூடச் சுட்டதில்ல, தெரியுமா? வேட்டைன்னா உயிரு அவருக்கு. வருஷா வருஷம் எல்க் மான் அடிக்கப் போவார், பெரியப்பாவோட ஓட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு. இது சுவத்துல தொங்கும். 'எடுத்துட்டுப் போங்களேன்'னா, 'ஓநாய்க்காரன் தேய்மானம் கெட்டுடும்'பார். பேரப் பிள்ளைங்க தொட்டா அடி விழும். அந்தக் குழியை மட்டும் விரலால தடவுவார். ஞாயித்துக்கிழமை, சாப்பிட்ட பிறகு. முப்பத்தாறு வருஷம்." அவள் குரல் உயரவில்லை. "உங்க ஆட்டுக்கொழுப்பைத் தடவிக்கிட்டு இருந்திருக்கார்."

டெல்மர் ஓரடி முன்னால் வந்தார்.

"மன்னிப்பு கேக்கப் போறீங்கன்னா வேணாம்," என்றாள்.

அந்நேரம் பார்த்துக் கொட்டகை வாசலில் மெர்ல் நின்றார், பின்தொடர்ந்து வந்திருக்கிறார். சேணத்தையும் அதன்மேல் அசையாமல் அமர்ந்திருந்த துப்பாக்கியையும் அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வெட்கம் இல்லை, பயம்கூட இல்லை. அவர் கண்கள் விரிந்தன.

"அடேங்கப்பா! இங்க பாருங்க, இது அப்படியே பொருந்துது! லவோன், தங்கம், நீ கவலையே படாதே. ஓநாய்க் கதையை விடு. இது டார்வால்ட் ஸ்கோகனோட சேணம். டெல்மர் ஸ்கோகனோட அப்பா! மூணு மாவட்டத்துல இவன் பேரு தெரியாத ஆளு உண்டா? 'ஸ்கோகன் குடும்பத் துப்பாக்கி, சேணத்தோட'ன்னு போட்டா, ஓநாய்க்காரனைவிட ரெண்டு பங்கு மதிப்பு. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

அவர் செல்பேசியை வெளியே எடுத்தும் விட்டார்.

"மெர்ல்," என்றாள் லவோன். "இந்தத் துப்பாக்கியை வெச்சுக்கிட்டுச் சவாரி போனவன் எவனும் இல்லைன்னு இப்பத்தானே சொன்னார்?"

"அதை எதுக்கு எழுதணும்?"

"எங்கப்பா உங்களை நல்ல மனுஷன்னு சொல்லிட்டே செத்தார். சவப்பெட்டியைத் தூக்கறப்ப நீங்க முன்னாடி வலது பக்கம் பிடிச்சீங்க." அவள் மூக்கைச் சுருக்கினாள். "அன்னிக்கு முழுக்க அந்தப் பிடி மணத்துக்கிட்டே இருந்துச்சு. நான் பூன்னு நெனச்சேன். போங்க வெளிய. பூட்ஸ்ல சாணி பட்டிருக்கு, தொடைச்சுட்டுப் போங்க. இங்க ஆடு எதுவும் இல்ல, எங்க இருந்து வந்ததுன்னு தெரியல."

மெர்ல் என்னைப் பார்த்தார். நான் சாக்குத் துணியைப் பார்த்தேன். அவர் போனார்.

லவோன் டெல்மரிடம் திரும்பினாள். "நீங்க அன்னிக்குக் குத்தியிருக்கணும்னு சொன்னீங்களே, அந்த எழுத்து. அது இருக்கா இங்க?"

"இருக்கு."

"குத்துங்க."

"குத்தினா மியூசியம் எடுக்காது. தகடு கிடைக்காது. அப்பா பேரு..."

"எங்கப்பா பேரு ஒரு பொய்க்குக் கீழே பித்தளைல வேணாம். குத்துங்க. நான் பார்க்கணும்."

டெல்மர் மேசைமேல் துணி விரித்து, இரண்டு திருகாணிகளைக் கழற்றி, முன்கட்டையை உருவி எடுத்தார். குழலின் அடிப்பக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. எழுத்து அச்சை நிறுத்தி வைத்தார். அவருடைய கையில் இருந்தது, ரயில் சக்கரங்களைத் தட்டிய அதே சிறு சுத்தியல். ஓர் அடி. ஓசை கொட்டகை முழுவதும் தெளிவாகக் கேட்டது. அவர் தம்மையறியாமல் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். பிறகு அச்சை அகற்றினார். எழுத்துக்கு அருகே, அவள் கேட்காமலேயே, தம் பெயரின் முதலெழுத்துகளையும் 1981 என்ற ஆண்டையும் ஊசியால் பொறித்தார்.

லவோன் துப்பாக்கியை ஃபிளானலில் சுற்றினாள். நன்றி சொல்லவில்லை, சொல்வதற்கும் எதுவுமில்லை. டிரக்கில் அதைப் பின்னிருக்கையில் படுக்க வைக்காமல், முன்னிருக்கையில் தீவனப் பையின்மேல் அப்படியே போட்டுவிட்டு ஓட்டிச் சென்றாள்.

நாங்கள் கூடத்துக்குத் திரும்பினோம். படிவத்தின் கடைசிக் கட்டத்தில், "மீட்டுருவாக்கம். தேய்மானம் போலி. செய்தவர்: மதிப்பீட்டாளர்" என்று டெல்மர் சொல்ல எழுதினேன். மஞ்சள் சீட்டில் கையெழுத்திட்டார். பிறகு ஒலிபெருக்கிக்காரனிடம் போய், அதையே கூடத்துக்கும் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, மதிப்பீட்டாளர் பதவியை விட்டுவிட்டதாக அறிவித்துத் தம் பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டார்.

காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். துப்பியவர்கள் சிலர் உண்டு. இரண்டு பேர் தங்கள் வெள்ளைச் சீட்டைக் கிழித்து எங்கள் மேசைமேல் போட்டார்கள். அவர்களை டெல்மரால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதவர்கள் மற்றவர்கள். மாலை நான்கு மணிக்குள் மூன்று பேர் தனித்தனியே வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தக் குளிர்காலத்துல வேற ஏதாவது பண்ணினீங்களா? ஒண்ணு கிடைச்சா எடுத்துக்கறேன்" என்று கேட்டார்கள். ஒருவன் தோளைத் தட்டி, "உங்க வேலையை உங்களாலயே கண்டுபிடிக்க முடியலையே, கட்டைவிரல் படற வரைக்கும்! என்னா கை!" என்று பாராட்டினான். அடுத்த வாரம் மெர்ல் ஒரு கடிதம் அனுப்பினார். சேணத்துக்கு விலை கேட்டிருந்தார். டெல்மர் கடிதத்தை இடுக்கியால் பிடித்து அடுப்பில் போட்டார். பிறகு கொட்டகைக்குப் போய், ரிவெட்டின் தலையை இரும்பு ரம்பத்தால் அறுத்தெடுத்துக் குப்பையில் எறிந்தார். சேணம் அதோடு எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாத பழைய தோலாகிவிட்டது.

நவம்பர் கடைசி வாரத்தில் நான் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது லவோனின் டிரக் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று துப்பாக்கியை நீட்டினாள். விரிப்பு இல்லை, உறைகூட இல்லை.

"லீவர் இறுக்கமா இருக்கு. பாருங்க."

டெல்மர் லீவரைத் தள்ளி அறை காலியாக இருப்பதை இருமுறை பார்த்தார். முகர்ந்தார். நானும் பக்கத்தில் இருந்தே உணர்ந்தேன்: சுட்ட மருந்தின் நெடி, ஈரத் துரு, காய்ந்த ரத்தம். நடுப்பெட்டியில் செந்நிறப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. அடிக்கட்டையில் டிரக்கின் கொக்கி கீறிய புதிய வெள்ளைக் கோடு. லீவரின் இடுக்கில் எல்க் மயிர் ஒரு கற்றை சிக்கியிருந்தது.

"பனில நாலு நாள் வெச்சிருந்தீங்களா?" அவர் முகம் பழைய மாதிரியே கோணிற்று. "எண்ணெய் கிடையாதா உங்க வீட்டுல? இது என்ன, கசாப்புக் கடைக் கத்தியா? அருவருப்பா இல்ல உங்களுக்கு?"

"இல்ல," என்றாள் லவோன். "வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேன். அந்தப் பிறை இருக்கற இடத்தை மட்டும் தொடாதீங்க. கிளீன் பண்ணக்கூட வேணாம். அது அப்பா விரல் பட்ட இடம்."

அவள் போனபின் டெல்மர் மேசையில் துணி விரித்தார். இடுக்கிலிருந்து மயிரை ஒவ்வொன்றாக எடுத்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் எடுக்கத் தொடங்கினார்.